மூன்றாவது மிதி

அப்துல் சுபஹானுக்குப் பயம் வராத இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய பிக்கப் வண்டியின் டிரைவர் சீட். மற்றபடி போலீஸ்காரர், மாமியார், வாத்து, காற்றில் தானாக ஆடுகிற கதவு எல்லாமே அவரை ஓட வைக்கும். சந்தையில் ஒரு வான்கோழி திரும்பிப் பார்த்ததற்காக, வாங்கிய மீனைப் போட்டுவிட்டு ஓடிவந்தார் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். மீனோடுதான் ஓடிவந்தார்; கூடையைத்தான் போட்டுவிட்டார்.

காரைக்குடியில் அவருக்கு வாடகைப் பாத்திரக் கடை. கல்யாணம், காதுகுத்து என்றால் அண்டா, குண்டான், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் அவர் கடையிலிருந்துதான் போகும். சாமான் ஏற்ற ஒரு வண்டி வேண்டியிருந்தது. யுத்தம் முடிந்ததும் பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்ட பிக்கப்புகளில் ஒரே அச்சாக மூன்று இந்தப் பக்கம் வந்து சேர்ந்தன. ஒன்று இவருக்கு. இன்னொன்று கல்லலுக்குப் பக்கத்துக் கிராமத்தில் கடலை வியாபாரம் பார்த்த சோணைமுத்துவுக்கு. மூன்றாவது, நாச்சியாபுரத்து டிராயிங் மாஸ்டர் காசிவிஸ்வநாதனுக்கு. மாஸ்டருக்கு ஏற்றி இறக்க ஒரு சாமானும் கிடையாது. பார்க்க அழகாக இருக்கிறது என்று வாங்கினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் சுபஹான் கடைக்குப் பின்னால் இருந்த காலி மனையில் மூன்று பானெட்டும் திறந்துகொள்ளும். பிறகு அங்கே பெண்டாட்டி பிள்ளை நினைப்பே கிடையாது. கச்சேரி கேட்பவர்கள்போல் கண்ணை மூடி எஞ்சின் சத்தம் கேட்பார்கள்; தாளம் தப்பினால் ஒரே நேரத்தில் மூன்று முகமும் சுளிக்கும். எஞ்சின் மூட்டு கசியாமல் கேஸ்கட் போட மாஸ்டர் பிள்ளைகளின் பழைய டிராயிங் தாளை வெட்டுவார். ஒருமுறை சோணைமுத்துவின் எஞ்சினைப் பிரித்தபோது உள்ளே ஒரு மயிலும் பாதி வாழைப்பழமும் இருந்தன. எட்டாம் வகுப்பு வரைந்தது. பிரேக்குக்கு விளக்கெண்ணெய் கலந்து ஊற்றினார்கள். மூன்று வண்டியும் சேர்ந்து ஒரு தெருவைக் கடந்தால் வயிற்றுவலிக்காரர்களுக்கு மருந்தே வேண்டியிருக்காது.

இந்த வண்டிகளுக்கு உதிரிப்பாகம் மதராசில்கூடக் கிடைக்காது. அதனால் அவர்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. யாருக்கு எது அவசரமோ, அதை மற்றவன் வண்டியிலிருந்து கழற்றிக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை. கழற்றியவன் தன் கைலியில் ஒரு துண்டு கிழித்து அந்த வண்டியின் ஸ்டீயரிங்கில் கட்டிவிட்டுப் போக வேண்டும். துணி கட்டிய வண்டியை, என்ன போயிருக்கிறது என்று விசாரிக்காமல் எடுக்கக் கூடாது. இருபது வருஷம் இந்தச் சட்டம் தவறவில்லை. கைலிகள்தான் குட்டையாகிக்கொண்டே வந்தன.

அறுபத்தேழாம் வருஷம் சுபஹான் வண்டியில் பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் கெட்டது. கால் மிதிப்பதை நான்கு சக்கரத்துக்கும் கொண்டுபோகிற பாகம் அது. கெட்டதும் ஒழுங்காகக் கெடவில்லை. முதல் மிதிக்கு நிற்கும். இரண்டாவது மிதிக்கும் நிற்கும். மூன்றாவது மிதியில் பெடல் கீழ்ப்பலகையில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த நேரம் பார்த்து, சிவகங்கையில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி எப்.சி. என்கிற தகுதிச் சான்று வாங்க வேண்டிய தவணை வந்தது. உயிரெடுக்க வரும் மலக்கும் பிரேக் இன்ஸ்பெக்டரும் ஒன்றாக வந்தால் சுபஹான் மலக்கின் பின்னால்தான் ஒளிந்துகொள்வார்.

வெள்ளிக்கிழமை சோணைமுத்து வரவில்லை. குடும்பத்தோடு ஒரு கேதத்துக்குத் துக்கம் கேட்கப் போயிருந்தார். சுபஹான் அவர் வீட்டுக்குப் போய், நல்ல சிலிண்டரைக் கழற்றித் தன் வண்டியில் மாட்டினார். கெட்டதை அங்கே பொருத்தினார். எண்ணெய் ஒழுகிப்போய்விடக் கூடாதே என்ற நல்ல எண்ணம்தான். சட்டப்படி கைலித் துண்டையும் கட்டினார். திங்கட்கிழமை எப்.சி. கிடைத்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை அவர் மனைவி ராபியா கேட்டாள்: "மச்சான், சோணை அண்ணன் சாமானைக் கொண்டுபோய்க் குடுக்கலையா?"

"அந்த இன்ஸ்பெக்டர் மறுபடி கூப்பிட்டு, இன்னொரு தரம் மிதிச்சுக் காட்டுன்னா என்ன புள்ள செய்வேன்?"

"ஆமா, அவரு ராப்பகலா ஒங்களையே நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்காராக்கும்!"

பேச்சு உறைத்தது. மறுநாள் ஆயுத பூஜை. சாயங்காலம் மாஸ்டரையும் ஏற்றிக்கொண்டு சுபஹான் சோணைமுத்துவின் கிராமத்துக்கு வந்தார். வாசலில் வண்டி இல்லை. நசுங்கிய எலுமிச்சங்காய்கள்தான் கிடந்தன. சோணைமுத்துவின் தாயார் அக்கம்மாள் சுண்டல் கிண்ணத்தோடு வந்தார்.

"வா பாய். மாஸ்டரும் வந்திருக்கீகளா? சுண்டல் திங்கிறீகளா?"

"ஆத்தா, வண்டி எங்க?"

"எலுமிச்சங்காய நசுக்கிட்டு இப்பத்தான் போறான். என் மருமக நாகவல்லி, பேரன் பேத்திக, தெருப் பொம்பளைக அம்புட்டும் ஏறிருச்சு. கல்லல் கோயிலுக்கு."

"ஸ்டீயரிங்ல துணி கட்டியிருந்துச்சே ஆத்தா!"

"அந்தா காயுதுல்ல! ஆயுத பூசையும் அதுவுமா அழுக்குத் துணி எதுக்குன்னு நாகவல்லி அவுத்துத் தொவச்சுப் போட்டுட்டா."

வேலிமேல் சுபஹானின் கைலித் துண்டு வெள்ளை வெளேரென்று ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்டர் கேட்டார்.

"எலுமிச்சங்காய் மேல ஏத்திட்டு வண்டிய நிறுத்துனானா?"

"நிறுத்தித்தான அம்புட்டுப் பேரும் ஏறுச்சு!"

"ஒரு மிதி போச்சு பாய்," என்றார் மாஸ்டர்.

கல்லலுக்குப் போகும் சாலை இரண்டு மைல் சமதளமாகப் போய், ஒரு கண்மாயைச் சுற்றி வளைந்து, கரைமேல் ஏறும். கரையிலிருந்து நேராக ஒரு இறக்கம். இறக்கத்தின் அடியில் ரயில்வே கேட். சாயங்கால பாசஞ்சர் வருகிற நேரம். இவ்வளவும் சுபஹானின் தலைக்குள் ஒரே நொடியில் ஓடின. பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகாத மனிதர் வண்டியை விரட்டிய விரட்டில், வாசலில் நின்ற கோழி முட்டையிட்டுவிட்டுத்தான் நகர்ந்தது.

ஒரு மைல் தாண்டியதும் முன்னால் புழுதி தெரிந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டிய பிக்கப். பின்னால் இருபது பெண்களும் பிள்ளைகளும். மடியில் கைப்பிள்ளையோடு நாகவல்லி. சுபஹான் ஹாரனை அமுக்கினார். கையை எடுக்கவேயில்லை.

சோணைமுத்து தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"பாய் ரேசுக்கு வர்றான்டோய்!"

"நிறுத்து சோணை!" என்று சுபஹான் கத்தினார்.

"மிதிக்காத! பிரேக்க மிதிக்காத!" என்று மாஸ்டர் கத்தினார்.

இரண்டில் எதைக் கேட்பது? எஞ்சின் சத்தத்தில் இரண்டுமே கேட்கவில்லை. நாகவல்லி கைதட்டினாள். "மாஸ்டரும் வர்றாக! விட்றாதீக, வெரசா ஓட்டுங்க!" பெண்கள் குலவையிட்டார்கள். பின்னால் ஹாரன் கேட்கக் கேட்க சோணைமுத்து வேகத்தைக் கூட்டினார். காப்பாற்றப் போன நாமே துரத்திக் கொல்கிறவராகிவிட்டோமே என்று சுபஹானுக்குப் பட்டது. கையை ஹாரனிலிருந்து எடுத்தார்.

வளைவில் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. சோணைமுத்துவின் வண்டி நின்றது. முதல் ஆடுகள் போனதும் கிளம்பிவிட்டது. மிச்ச மந்தை சுபஹானை மறித்துக்கொண்டது.

"ரெண்டு," என்றார் மாஸ்டர்.

அந்த வருஷம் மழை பிந்திவிட்டதால் கண்மாயில் தண்ணீர் இல்லை. சுபஹான் சாலையை விட்டார். வெடித்துக் கிடந்த கண்மாய்க்குள் வண்டியை இறக்கிக் குறுக்கே ஓட்டினார். மாஸ்டர் சீட்டுக்கும் கூரைக்கும் நடுவில் போய்வந்துகொண்டிருந்தார். முதல் கியரில் கரையின் உட்சரிவில் முக்கி ஏறி மேலே வந்தபோது சோணைமுத்து நூறு முழம் பின்னால் வந்துகொண்டிருந்தார். முன்னால் இறக்கம். கீழே கேட் சாத்தியிருந்தது. தூரத்தில் ரயில் ஊதியது.

"மாஸ்டர், பின்னால ஏறி நின்னுக்கங்க. அவன் எம்புட்டுத் தூரத்துல வர்றான்னு சொல்லுங்க."

"என்ன செய்யப் போறீக?"

"அவன் வண்டிய என் முதுகுல வாங்கப் போறேன். நல்ல பிரேக்கு நம்மகிட்டத்தான இருக்கு."

மாஸ்டர் ஓடும் வண்டியின் பக்கத்தைப் பிடித்துப் பின்தட்டில் ஏறினார். முப்பது வருஷம் கண்ணளவிலேயே கோடு போட்ட மனிதர். அன்றைக்கு அந்தக் கண்தான் இருபது உயிருக்கும் அளவுகோல். சுபஹான் இறக்கத்தில் மெல்ல இறங்கினார். பின்னால் சோணைமுத்துவின் சிரிப்பு நெருங்கிவந்தது.

"பாய்," என்றார் மாஸ்டர், "அவன் முகம் மாறிருச்சு."

மூன்றாவது மிதி. சிரிப்புச் சத்தம் நின்றது. குலவையும் நின்றது. சோணைமுத்து கியரை இழுத்தார். அது கையோடு நழுவி வந்தது. கைப்பிரேக் அவர் துண்டு தொங்கவிடுகிற கொக்கியாகி எத்தனையோ வருஷம்.

"இருபது முழம்... பதினஞ்சு... பாய், வேகத்தைக் கூட்டுங்க, இப்படி இடிச்சா பிள்ளைக தெறிச்சிரும்! கூட்டுங்க!"

கேட் எதிரே வளர்ந்துகொண்டு வர, சுபஹான் அதை நோக்கி வேகத்தைக் கூட்டினார். அல்லாவை மட்டுமல்ல, சோணைமுத்துவின் குலசாமியையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்பதற்கு மாஸ்டர் சாட்சி.

"ஆறு... நாலு... ரெண்டு... வந்துட்டான்!"

ஒரு குலுக்கல். வாழைக்கன்று ஒன்று சாய்ந்து மாஸ்டரின் தோளில் விழுந்தது. சுபஹான் மிதித்தார். முழு உடம்பையும் காலில் இறக்கி மிதித்தார். இரண்டு வண்டியும் ஒன்றாகச் சறுக்கின. விளக்கெண்ணெய் கருகும் வாசனை எழுந்தது. கேட் கம்பி பானெட்டைத் தொட்டது, கொஞ்சம் வளைந்தது, நின்றுவிட்டது. ஜன்னலோரம் இருந்தவர்கள் கையிலிருந்த முறுக்கின் சுற்றை எண்ணும் தூரத்தில் பாசஞ்சர் கடந்து போனது.

ரயில் சத்தம் அடங்கிய பிறகுதான் ஒரு கைப்பிள்ளை அழுதது. அதைக் கேட்டு நாகவல்லி அழுதாள். சோணைமுத்து இறங்கி வந்தார்.

"என் வண்டிக்கு என்ன ஆச்சு பாய்?"

"ஒன் சிலிண்டரு இந்தா, என் காலுக்குக் கீழ இருக்கு. நான்தான் எடுத்தேன்."

"துணி கட்டலையா?"

"கட்டுனாக. நான்தான் அவுத்தேன்," என்றாள் நாகவல்லி.

"அவ மேல தப்பில்ல சோணை. திங்கக்கெழமையே குடுத்திருக்கணும். பயந்துக்கிட்டு வச்சிருந்தேன்."

சோணைமுத்து வளைந்த கம்பியைப் பார்த்தார். தன் வண்டியில் இருந்த பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். திட்ட வாய் திறந்தவர் வேறு எதையோ கேட்டார்.

"முன்னால வந்து நின்னியே பாய், அதுக்குப் பயமா இல்லையா?"

"இருந்துச்சு. இன்னும் இருக்கு."

கேட்காரர் கொடியை ஆட்டிக்கொண்டு வந்தார். "யோவ், வண்டிய எடுங்கய்யா! கேட்டத் தெறக்கணும்!"

"எடுத்துர்றேன். மொதல்ல என் கால எடுங்க," என்றார் சுபஹான். "அது வரமாட்டேங்குது."

உண்மையாகவே வரவில்லை. பெடலோடு சேர்த்துப் பற்றவைத்ததுபோல் இருந்தது. பெண்கள் இறங்கிப் பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, பட்டுச் சேலையோடு கல் பொறுக்கி எல்லாச் சக்கரத்துக்கும் அடை கொடுத்தார்கள்.

"எட்டுச் சக்கரத்துக்கும் வச்சாச்சாம்மா?"

"வச்சாச்சுண்ணே."

"மாஸ்டர், நீங்க ஒருக்கா பாருங்க."

மாஸ்டர் சுற்றி வந்து பார்த்தார். சோணைமுத்து தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, சுபஹானின் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்தார்.

"எடுக்கவா பாய்?"

"இரு. நாகவல்லி, தங்கச்சி, பிள்ளைக யாரும் முன்னாலயோ பின்னாலயோ நிக்கலையே?"

"இல்லண்ணே. அம்புட்டும் இங்குட்டு என்கிட்டத்தான் நிக்குதுக."

"எண்ணிச் சொல்லு."

அவள் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடிக்கும்வரை சோணைமுத்து சுபஹானின் காலை விடவில்லை.