வாயால ஓடின மெஷின்

என் சலூனுக்கு நேர் மேல்மாடியிலதான் அந்தத் தொழிற்பயிற்சி மையம் இருந்துச்சு. காலையில ஷட்டரத் தூக்கி, மொத ஆளு தாடையில நுரை தடவுறதுக்குள்ள மேல ஆரம்பிச்சிடும். "வை... எடு... டக்! வை... எடு... டக்!"

புதுசா வந்த ஆளு கழுத்த இழுத்துக்குவான். "என்னண்ணே சத்தம்?"

"மேல மெஷின் ஓடுது."

"மனுசன் கத்துற மாதிரியில்ல இருக்கு?"

"மெஷினே அந்த மனுசன்தான். ஆடாம ஒக்காரு, கத்தி கையில இருக்கு."

அவர எல்லாரும் டக் மாஸ்டர்னு கூப்பிடுவோம். வயசு அம்பதத் தாண்டிருச்சு. கட்டையான ஆளு. காதுக்குள்ள முடி மட்டும் காடு மாதிரி வளரும், அத வெட்டத்தான் என்கிட்ட வருவாரு. தகரத்துல மூடி அடிக்கிற கம்பெனியில இளவயசெல்லாம் பிரஸ் மெஷின் ஓட்டினவரு. கம்பெனிய மூடினப்போ பத்து வெரலோட வெளிய வந்தாரு. பிரஸ்ல வேலை பாத்தவனுக்குப் பத்து வெரலும் இருந்தா எங்க ஏரியாவுல அது எம்.ஏ. படிச்ச மாதிரி. அத வெச்சுத்தான் பயிற்சி மையத்துல மாஸ்டர் வேலை குடுத்தாங்க.

மேல இருந்த மெஷின் கதையக் கேட்டா சிரிப்பீங்க. பழைய இரும்புக் கடையில கெடந்தது. பச்சை பெயிண்ட் அடிச்சு, தெறப்பு விழாவுக்கு மாலை போட்டு நிறுத்தினாங்க. போட்டோ எடுத்து முடிஞ்சுது, அதோட சரி. மோட்டார் கிடையாது, பெரிய லைன் கரண்டும் இழுக்கல. பொணத்துக்குப் பவுடர் போட்ட கணக்குதான்.

பிரஸ்ல வேலை என்னன்னா, தகரத்த அச்சுக்குள்ள வெக்கணும், கைய எடுக்கணும், கீழ இருக்குற பெடல மிதிக்கணும். மேல இருந்து இரும்பு எறங்கி ஒரே அடியில மூடி ஆயிடும். மெஷின் ஒண்ணுதான், அதுவும் செத்தது. புள்ளைங்க கூட்டமா இருக்கு. மாஸ்டர் யோசிச்சாரு. எல்லாரையும் பெஞ்சுல ஒக்கார வெச்சு, ஒவ்வொருத்தர் காலுக்கடியிலயும் ஒரு செங்கல்லப் போட்டாரு. அதுதான் பெடல். கையில ஒரு அட்டைத் துண்டு, அதுதான் தகரம். எறங்குற இரும்புக்குப் பதிலா மாஸ்டரோட வாயி.

நான் ஒரு நாள் மேல போயி பாத்தேன். எல்லாரும் செங்கல்ல மிதிக்குறாங்க. ஒண்ணு ரெண்டு பேருக்குக் கை இன்னும் பெஞ்சுலயே இருக்கு. மாஸ்டர் வரிசை முழுக்க ஒரு பார்வை பாத்து, கடைசிக் கையும் வெளிய வந்தப்புறம்தான் "டக்!"னாரு.

"என்னண்ணே, உங்க மெஷினு ரொம்ப மரியாதை தெரிஞ்ச மெஷினா இருக்கே?"ன்னேன்.

"புள்ளைங்கடா. பதறக் கூடாதுல்ல"ன்னாரு.

மொத பேட்ச்ல ஒரு பொண்ணு. நல்ல உசரம், மாடிப்படி ஏறும்போது தல இடிக்கும். ஒட்டகம்னு பேரு வெச்சிருந்தாங்க. கெட்டிக்காரி. பயிற்சி முடிஞ்ச கையோட ஊருக்கு வெளிய இருக்குற பெரிய ஃபேக்டரியில சேத்துவிட்டாங்க. ஸ்வீட் பாக்கெட்டோட வந்து மாஸ்டருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு குடுத்துட்டுப் போனா.

கொஞ்ச நாள்ல மறுபடி வந்தா. வலது கையில கட்டு. கட்டுக்கு வெளிய கட்டை வெரலும் சுண்டு வெரலும் மட்டும் துருத்திக்கிட்டு நின்னுச்சு.

மாஸ்டர் அப்போ என் நாற்காலியில, ஒரு காது முடிச்சு ஒரு காது பாக்கி. துணியோட எந்திரிச்சிட்டாரு. "எப்படிம்மா? கை எடுக்காம மிதிச்சியா?"

"கால் மிதிச்சிடுச்சு மாஸ்டர். நீங்க டக்குனு சொல்ற வரைக்கும் அது எறங்காதுன்னு கை நெனச்சிடுச்சு."

கோவத்துல சொல்லல. நடந்தது என்னவோ அதச் சொன்னா, அவ்வளவுதான்.

"கம்பி வலை இருந்திருக்குமே? அச்சுக்கு முன்னாடி? கை உள்ள போனாத் தடுக்குமே?"

"கழட்டி ஓரமா வெச்சிருக்காங்க மாஸ்டர். அது இருந்தா வேகம் வரலியாம்."

அவ போனப்புறம் அந்த இன்னொரு காத வெட்ட விடவே இல்ல. அப்படியே மாடிக்குப் போயிட்டாரு.

மேல மேனேஜர் ஒருத்தர். சின்ன வயசு, எந்நேரமும் கழுத்துல டை. கெட்டவன் கெடையாது, மேலிடத்துல இருந்து அடி வாங்குற ஆளு. மேலிடம் ரெண்டே கேள்விதான் கேக்கும். எத்தன பேரு படிச்சாங்க, எத்தன பேரு வேலைக்குப் போனாங்க. போனவங்க எப்படி இருக்காங்கன்னு கேக்க அங்க ஒரு நாதி கெடையாது. ஜன்னல் தொறந்திருந்ததால பேச்செல்லாம் எனக்குக் கேட்டுச்சு. நான் ஒட்டுக் கேக்கல, காதுதான் கேட்டுச்சு.

"சார், மெஷினுக்கு உசுரு குடுங்க. இல்லாட்டி வகுப்ப நிறுத்துங்க."

"மாஸ்டர், அடுத்த பேட்ச் வந்தாச்சு. ஃபேக்டரியில ஆள் கேட்டு போன் மேல போன். இப்ப போயி கரண்டு, மோட்டாருன்னு நின்னா என் வேலையும் போயிடும், உங்க வேலையும் போயிடும்."

"அந்தப் பொண்ணுக்கு மூணு வெரல் போச்சு சார்."

"அது ஃபேக்டரியில நடந்தது. நம்ம கட்டடத்துல நடக்கல."

மறுநாள்லருந்து மேல "டக்" கேக்கல. "தொம்"னு கேட்டுச்சு. என் கண்ணாடியெல்லாம் அதிருது. போயி பாத்தா, மாஸ்டர் பெஞ்சுக்கு மேல நீளமா ஒரு பலகையக் கயித்துல தொங்கவிட்டிருக்காரு. ஒவ்வொருத்தரா ஒக்காரணும். கால் செங்கல்லத் தொட்டா கயித்த விட்டுடுவாரு. கை உள்ள இருந்தா இருந்ததுதான். முன்ன மாதிரி பார்வையெல்லாம் கெடையாது, மூஞ்சியக் கல்லு மாதிரி வெச்சுக்கிட்டு விடுறாரு.

புள்ளைங்க வெரல் முட்டியெல்லாம் வீங்கிப் போச்சு. என் கடைக்கு வந்து தண்ணி பைப்புல கைய நீட்டிக்கிட்டு அவரத் திட்டுவாங்க.

"கெழவனுக்குப் பேய் புடிச்சிருச்சுண்ணே!"

"வலிக்குதா?"

"உசுரு போகுது."

"வெரலு இருக்குல்ல? அப்ப கொழுப்பெடுத்துப் பேசாத, பைப்ப மூடு."

ஆனா ஒண்ணு. ரெண்டாவது வாரத்துலயே பலகை முக்காவாசி காலி பெஞ்சுலதான் விழுந்துச்சு. ஒரு பய இருந்தான், சுருட்டை முடி, சீப்பு ஒடையும் அவனுக்கு வெட்டுனா. அவன் மேல பலகை ஒரு தடவ கூடப் படல. "பாம்பு மாதிரி இழுக்குறான்டா"ன்னு மாஸ்டர் என்கிட்ட பெருமப்பட்டுக்கிட்டாரு. ரொம்ப நாளைக்கப்புறம் அன்னிக்குத்தான் சிரிச்சாரு.

அதுக்குள்ள ஒரு பொண்ணோட அப்பா வந்து சத்தம் போட்டாரு. "படிக்க அனுப்பினேனா, அடி வாங்க அனுப்பினேனா?" அவரச் சொல்லியும் குத்தமில்ல, பொண்ணு கை பன்னு மாதிரி வீங்கியிருந்துச்சு. டை கட்டுன தம்பி அன்னிக்கு சாயங்காலமே மாஸ்டர வீட்டுக்கு அனுப்பிட்டாரு. புதுசா ஒரு மாஸ்டர் வந்தாரு, நல்ல சாந்தமானவரு. அவரு கத்தக்கூட இல்ல. போன்லயே "டக்" சத்தத்தப் பதிஞ்சு வெச்சு, எல்லாரும் கைய எடுத்தப்புறம் தட்டுவாரு.

பேட்ச் முடிஞ்சு எல்லாரும் அதே ஃபேக்டரிக்குப் போனாங்க. நம்ம டக் மாஸ்டர் வீட்டுல இருக்க மாட்டாம, ஷிஃப்டு விடுற நேரத்துக்கு ஃபேக்டரி கேட்டுக்கு எதுத்தாப்புல போயி நின்னுக்குவாரு. வர்றவங்க மூஞ்சியப் பாக்குறதில்ல, கையத்தான் பாப்பாரு. புள்ளைங்களுக்கு அது வெளையாட்டாப் போச்சு. அவரப் பாத்ததும் ரெண்டு கையயும் தூக்கி வெரல விரிச்சுக் காட்டிட்டு, "எல்லாம் பத்திரம் மாஸ்டர்!"னு கத்திக்கிட்டே பஸ் ஏறுவாங்க.

ஒரு நாள் யாரும் கையத் தூக்கல.

நானும் அன்னிக்கு அவரோட நின்னுக்கிட்டிருந்தேன். அவரு ஒருத்தனப் புடிச்சு நிறுத்தி, "யாருடா?"ன்னாரு.

"சுருட்டை."

"பொய் சொல்லாத. அவன் சரியா எடுப்பான்."

"சரியாத்தான் எடுத்தான் மாஸ்டர். மூடி வந்துடுச்சு. அடுத்தது வெக்கக் கைய உள்ள விட்டான், யாரும் மிதிக்காமலே அது இன்னொரு தடவ எறங்கிடுச்சு. பழைய மெஷினு."

மாஸ்டர் அவன் ரெண்டு கையயும் இழுத்து வெரல எண்ணிப் பாத்துட்டுத்தான் விட்டாரு.

மறுநாள் காலையில, ஷிஃப்டு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போயி கேட்டுல நின்னாரு. உள்ள போற ஒவ்வொருத்தரையும் மறிச்சாரு. "வலையப் போடச் சொல்லு. போடாம கைய உள்ள விடாத. கேக்குதா?" செக்யூரிட்டி வந்து சட்டையப் புடிச்சு இழுத்தான். அப்பவும் விடல.

அவருகிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி நின்னா. "கேட்டா வெளிய போகச் சொல்லுவாங்க மாஸ்டர்."

"போனாப் போகுது. கை இருந்தா வேற வேலை கெடைக்கும்மா."

"நீங்க மையத்துல மேனேஜர்கிட்ட கேட்டீங்களே. உங்களுக்குக் கை இருக்கு. வேலை கெடச்சுதா?"

சங்கு ஊதிடுச்சு. நேரமாச்சுன்னு உள்ள ஓடிட்டா.