சத்திரத்தில் ஒரே ஓர் அறை

போன புதன்கிழமை காலை, என் சொந்த வீட்டு பாத்ரூமுக்குள் மாட்டிக்கொண்டேன்.

சொந்த வீடு என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஸ்டூடியோ அபார்ட்மென்ட் வாங்கிக் குடிவந்திருக்கிறேன். ஹால், பெட்ரூம், கிச்சன் எல்லாம் ஒரே அறை. கட்டிலில் உட்கார்ந்தபடியே காபி கலக்கலாம். எனக்கு அது போதும்.

அதுவரை ஸ்ரீரங்கத்தில் அண்ணன் வீட்டில் இருந்தேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பேங்க் வேலை, மாடியில் ஓர் அறை... காலம் ஓடிவிட்டது. அண்ணன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமானதும், மாடி அறை தேவைப்படும் என்று எனக்கே புரிந்தது. யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீடு பார்த்துவிட்டேன் என்றபோது, "ஏம்மா, இங்க உனக்கு என்ன குறைச்சல்?" என்று அண்ணன் கேட்டார்.

ஒரு முறைதான் கேட்டார். இன்னொரு முறை கேட்டிருந்தால் நின்றிருப்பேனோ என்னவோ.

சரி, பாத்ரூமுக்கு வருவோம். தனியாக இருப்பவள் எதற்குத் தாழ்ப்பாள் போட வேண்டும்? நிறைய பேர் இருந்த வீட்டில் வாழ்ந்த பழக்கம்! குளித்துவிட்டு இழுத்தால், தாழ்ப்பாளின் பிடி கையோடு வந்துவிட்டது. போன் கட்டிலில் கிடக்கிறது.

கதவைத் தட்டினேன். யார் திறப்பார்கள் என்று தட்டினேன்? உள்ளே இருப்பதும் நான்தான், வெளியே இருக்க வேண்டியதும் நான்தான்.

கத்தினேன். கீழே கண்டக்டர்கள் சமயபுரத்துக்கும் துவாக்குடிக்கும் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எந்நேரமும் ஜனங்கள் இருக்கிற இடம், பாதுகாப்பு — இப்படி நினைத்துத்தான் இந்த இடத்தையே வாங்கினேன். அத்தனை ஜனத்தில் ஒருவருக்கும் என் குரல் கேட்கவில்லை.

தொண்டை கட்டியபோதுதான் பயம் வந்தது. என்னை யார் தேடுவார்கள்? அண்ணன் ஞாயிற்றுக்கிழமைதான் போன் செய்வார்.

வாளியைக் கவிழ்த்து, மேலே ஏறி, வென்டிலேட்டர் வழியாகத் துண்டை வெளியே விட்டு ஆட்டினேன். பக்கத்து பிளாக் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாருங்க அது? வீட்ல யாரும் இல்லையா?"

"இல்லீங்க. நான் மட்டும்தான்."

அவள் பெயர் ரஹ்மத், கணவர் துபாயில் இருக்கிறார் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. மாமியாரை அனுப்பி வாட்ச்மேனிடம் சொல்ல வைத்தாள். வாட்ச்மேன் ஓர் ஆசாரியைத் தேடிப் போனார்.

"பயப்படாதீங்கக்கா. அவங்க வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்."

நின்றாள். ஈரத்துணியெல்லாம் பக்கெட்டிலேயே கிடக்க, எனக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே நின்றாள். எந்த ஊர், என்ன வேலை என்று விசாரித்துவிட்டு, வாடகைக்கு வந்திருக்கிறேனா என்று கேட்டாள்.

"சொந்த வீடுங்க. போன மாசம்தான் வாங்கினேன்."

"மாஷா அல்லாஹ்... ரொம்ப சந்தோஷம்க்கா."

வீடு வாங்கியதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த வயதில் எதற்கு என்றார்கள். தனியாகவா என்றார்கள். சந்தோஷம் என்று சொன்ன முதல் ஆள் இவள்தான். வாளி மேல் நின்று, வென்டிலேட்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் பார்க்காத மாதிரி துணியைப் பிழிய ஆரம்பித்தாள்.

ஆசாரி வந்து வாசல் பூட்டை உடைத்து, பிறகு பாத்ரூம் கதவையும் பெயர்த்தார். இப்போது புதுப் பூட்டின் இன்னொரு சாவி ரஹ்மத் வீட்டில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் போன் செய்தார். வீடு வசதியாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, அக்கம்பக்கமும் நல்ல மாதிரி என்றேன். பாத்ரூம் விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் திரும்பி வந்துவிடு என்பார். அல்லது... சொல்ல மாட்டார். அதற்குத்தான் பயம்.

நல்லவேளை, பத்திரிகையில் நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியை அண்ணன் படிப்பதில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு வாரம்கூட.