பறவைத் துணியும் எங்கள் தையற்கடையும்

ஆபிரிக்க அச்சுத் துணி தைக்கிறவர்களே, துணியை மேசையில் விரித்துவிட்டு, இந்த அழகை எப்படி வெட்டுவது என்று கத்தரிக்கோலோடு திகைத்து நின்றிருக்கிறீர்கள்தானே? நானும் உங்கள் கூட்டம்தான்.

இத்தாலியின் பலெர்மோ நகரில், சீசா என்ற பகுதியில் எங்கள் கடை. கானாவிலிருந்து வந்த எஃபுவா உடுப்புகளை வரைவாள். மன்னார்க்காரி நான் வெட்டித் தைப்பேன். இருவருக்கும் பொதுமொழி இத்தாலியன். அதில் பாதி கைச்சாடை.

பின்னால் வருகிறவர்கள்

எங்கள் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் இத்தாலிய அம்மா ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை. சின்யோரா என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். சாம்பல் நிறம் தவிர வேறொன்றும் உடுத்தி நான் கண்டதில்லை. ஒருநாள் நேரே வந்து, நீலத்தில் பெரிய மஞ்சள் பறவைகள் பறக்கும் துணியைக் காட்டி, பாவாடை வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்! ஆனால் இந்தத் துணியில் ஒரு வில்லங்கம். கவனிக்காமல் வெட்டினால் பறவை போய் உட்காரக்கூடாத இடத்தில் உட்கார்ந்துவிடும். துணியை இப்படியும் அப்படியும் திருப்பிப் போட்டு, பறவைகள் எல்லாம் முன்பக்கம் பறக்கும்படி தைத்து முடித்தேன்.

சின்யோரா கண்ணாடி முன் சுழன்று பார்த்தார். முகம் வாடிவிட்டது. “பின்னாலை ஒரு பறவையும் இல்லையே! எனக்குப் பின்னாலை வாற ஆக்கள் என்ன பாவம் செய்தவை?”

திருநாள் சட்டை

றெஜினா அக்கா எங்கள் பங்குக் கோவில்காரி. திருநாளுக்குக் கட்டும் பொன்னிறச் சீலைக்குச் செம்மஞ்சள் அச்சுத் துணியில் சட்டை கேட்டா. சனம் என்ன கதைக்குமோ என்று எனக்குப் பயம். பூசை முடிந்ததும் பார்த்தால், படிக்கட்டில் பெண்கள் எல்லாரும் அக்காவைச் சுற்றி நின்று கையைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள்! சட்டையைக் கண்டு வீட்டில் சிரித்த அவவின் கணவர் மெதுவாக என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, அந்தத் துணியிலை எனக்கும் ஒரு சேட் தைச்சுத் தா. இவளுக்குப் பக்கத்திலை நிண்டா என்னை ஒருத்தரும் பாக்கினமில்லை.”

மொண்டெல்லோவில் ஒரு மாலை

மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகம் எங்களுக்கு முற்றத்தைத் தந்தது. எங்கள் முதல் உடுப்புக் காட்சி! கடைசியாக வரவேண்டியது எஃபுவா மாதக்கணக்காக மினக்கெட்ட நீண்ட கவுண். அதை உடுத்தவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல். வரமாட்டாளாம்.

“அதை விட்டிடுவம்,” என்றாள் எஃபுவா. குரல் உடைந்துவிட்டது.

“நீயே போடு,” என்றேன்.

“நானோ? ஆக்களுக்கு முன்னாலையோ?”

கவுணை அவள் தலையால் இறக்கினேன். கரையை மடித்து ஓட்டத்தையல் போட்டேன். இடுப்பைக் குண்டூசிகளால் பிடித்தேன். பாட்டு மாறியது, தள்ளாத குறையாக வெளியே அனுப்பினேன். திரைக்குப் பின்னால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. திடீரென்று கைதட்டல், கதிரைகள் பின்னால் தள்ளப்படும் சத்தம். எழுந்து நிற்கிறார்கள்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

மகாராணி மாதிரி நடந்து திரும்பி வந்தவள் என்னைக் கட்டிப்பிடித்து, காதுக்குள் சொன்னாள்: “இடுப்பிலை ஒரு ஊசி குத்திக்கொண்டே இருந்தது, அதுதான் அப்பிடி நிமிர்ந்து நடந்தனான்!”

எங்கள் தொழிலில் துணியும் பேசும், உடுத்தியவரும் பேசுவார், வாய் நிறையக் குண்டூசியோடு நிற்கிற எங்களுக்குத்தான் பேச வழியில்லை.