மரத்தடி நிரை

என் தங்கச்சி கங்காணி வேலையை விட்டுவிட்டு மறுபடி கூடையைத் தூக்கியபோது, தெரணியகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தோட்டத்தில் யாரும் அவளிடம் காரணம் கேட்கவில்லை. கேட்காமலே ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். பழிக்குப் பழி வாங்கினாள், அது அவளையே திருப்பி அடித்தது என்பதுதான் அதில் பெரிய காரணம். ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? நான் கூடப் பிறந்தவள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன்.

தேயிலை மலையில் காலையில் கங்காணிதான் நிரை பிரிப்பார். இந்த வரிசை உனக்கு, அந்த வரிசை அவளுக்கு என்று அவர் கை காட்டுகிற இடத்தில் நின்று கொழுந்து பறிக்க வேண்டும். ரோட்டோரம் நல்ல நிரை கிடைத்தால் மத்தியானத்துக்குள் கூடை நிறையும். காட்டை ஒட்டிய ஓர நிரை கிடைத்தால் பாறை, மானாப் புல், அட்டை. அப்பா செத்த பிறகு எங்கள் அம்மாவுக்காகப் பேச வீட்டில் ஆம்பிளை இல்லை. அப்போதிருந்த கங்காணி முகம் பார்த்து நிரை பிரிக்கிற ஆள். அவருடைய சொந்தக்காரர்களுக்கு ரோட்டோரம், அம்மாவுக்கு எப்போதும் ஓரம். மாதாகோயிலில் மட்டும் எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பாடுவார்.

நான் அவரைத் திட்டித் தீர்ப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில்தான் இருக்கும். தங்கச்சி ஒரு நாளும் திட்டியதில்லை. அம்மாவின் கால்களில் அட்டை கடித்த இடங்களைத் துடைத்துக்கொண்டே, “நான் கங்காணியா இருந்தா மொற வச்சுத்தான் நெர போடுவேன். யாரு மொகத்தையும் பாக்க மாட்டேன்” என்பாள். பொம்பிளை கங்காணி என்றால் அன்றைக்குச் சிரிப்பார்கள். நானும் சிரித்தேன்.

காலம் மாறியது. பொம்பிளைகளையும் கங்காணியாகப் போடலாம் என்று தோட்டத்தில் முடிவெடுத்தபோது முதலில் கிடைத்தது அவளுக்குத்தான். பயிற்சி என்று டவுனுக்குக் கூட்டிப்போனார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு நோனா அம்மா, வேலையில் நீங்கள் எப்படி யோசிக்கிற ஆள், எது உங்களுக்குப் பெரிசு என்று ஒவ்வொருத்தரையும் எழுப்பிக் கேட்டாராம். இவள் எழும்பி, “எல்லாருக்கும் ஒரே மாதிரி. அதான் பெரிசு” என்றாளாம். எல்லோரும் கை தட்டினார்களாம். அதைச் சொல்லும்போது அவள் முகமெல்லாம் சந்தோஷம்.

சொன்னபடியே செய்தாள். இன்றைக்கு ரோட்டோரம் பறித்தவள் நாளைக்கு அடுத்த நிரை, அப்படியே நகர்ந்து ஓரத்துக்குப் போய்த் திரும்பி வர வேண்டும். யாரும் மாற்றிக் கேட்கக் கூடாது. ஆதரவில்லாத பெண்கள் அவளைக் கும்பிட்டார்கள். எனக்குத்தான் எரிச்சல். கூடப்பிறந்தவள் கங்காணியாக இருந்தும் ஒரு பிரயோசனமும் இல்லை. ஒருத்தி காய்ச்சலோடு வந்து லேசான நிரை கேட்டபோது, “ஒடம்புக்கு முடியலன்னா வீட்டுல இருங்க. மலைக்கு வந்துட்டா மொறதான்” என்று சொல்லிவிட்டாள். நானாக இருந்தால் மாற்றிக் கொடுத்திருப்பேன். ஆனால் நான் கங்காணியாக இருந்திருந்தால் அந்தப் பழைய கங்காணியின் மகளுக்கு ஆயுசுக்கும் ஓர நிரைதான். நான் அப்படி, அவள் இப்படி.

அந்த மகளும் எங்களோடுதான் பறித்தாள். சின்னப் பெண், கல்யாணமாகி ஒரு கைக்குழந்தை, அதைத் தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு வருவாள். நல்ல பிள்ளை. அப்பன் குணம் துளியும் இல்லை.

மழை விட்டு வெயில் வந்த ஒரு காலையில், மலை நடுவே நிற்கிற வாகை மரத்தில் பானை அளவு குளவிக் கூடு தொங்குவதைத் தங்கச்சிதான் முதலில் பார்த்தாள். உடனே மலை வேலைக்குப் பொறுப்பான வெளிக்கள மாத்தயாவுக்கு போன் எடுத்தாள். அவர், “ஹவஸட்ட புச்சமு, தென் வெட கரன்ன” என்று சிங்களத்தில் சொன்னார். சாயங்காலம் கொளுத்தலாம், இப்போது வேலையைப் பாருங்கள் என்று. இவள் மரத்தில் சிவப்புத் துணி கட்டினாள். அடியில் நிற்கிற செடிகளைத் தொடாமல் தாண்டிப் போங்கள் என்று எல்லோருக்கும் சொன்னாள். பிறகு நிரை பிரித்தாள்.

மரத்தடியைத் தாண்டிப் போகிற நிரை, முறைப்படி பழைய கங்காணியின் மகளுக்கு விழுந்தது.

“அக்கா, எனக்குப் பயமா இருக்குங்க. இன்னைக்கு மட்டும் வேற நெர குடுங்கக்கா. நாளையிலேருந்து ரெண்டு நாளு ஓரத்துல பறிக்கிறேன்” என்றாள் அவள்.

“மொற மொறதான் புள்ள. மரத்துக்கிட்டப் போகாத, தாண்டிப் போயிரு.”

எனக்குப் பொறுக்கவில்லை. “நான் அந்த நெரைக்குப் போறேன். அவள என் எடத்துல விடு” என்றேன்.

“நீ என் அக்கா. ஒனக்கு மாத்துனா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க” என்றாள். நிதானமாகத்தான் சொன்னாள். குரலில் குரோதம் இல்லை. அந்தப் பெண்ணின் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. அடுத்த நிரைக்குக் கை காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பெண் மரத்தைத் தொடவில்லை. காற்று அடித்தது, கிளை ஆடியது, குளவி கலைந்தது, அவ்வளவுதான். அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடப் பார்த்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணி செடியில் மாட்டிக்கொண்டது. நாங்கள் எல்லோரும் கீழே ஓடினோம். தங்கச்சி மட்டும் மேலே ஓடினாள். தன் சேலையை அவிழ்த்து அந்தப் பெண்ணின் தலையில் போட்டு மூடி இழுத்து வந்தாள். தங்கச்சிக்கும் முகமெல்லாம் கொட்டு. லொறியில் இரண்டு பேரையும் ஏற்றினோம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அந்தப் பெண்ணின் உயிர் போய்விட்டது.

தங்கச்சி உயிரோடு வந்ததுதான் ஊருக்குப் பெரிய சாட்சியாகிவிட்டது. அம்மாவுக்கு அப்பன் செய்ததை மகளுக்குத் திருப்பிச் செய்தாள் என்று லயத்துக்கு லயம், வாசலுக்கு வாசல் பேசினார்கள். நான் போய்ச் சண்டை போட்டேன். அன்றைக்கு யார் முறை என்று கேட்டுப் பாருங்கள் என்று கத்தினேன். முறையைக் கேட்க யாருக்கும் மனசில்லை.

வீங்கின முகத்தோடு அவள் சாவு வீட்டுக்குப் போயே தீருவேன் என்றாள். நானும் போனேன். பழைய கங்காணி பெட்டிக்குப் பக்கத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவர் அடித்திருந்தால்கூட நாங்கள் வாங்கிக்கொண்டிருப்போம்.

“மாமா, நான் வேணும்னு செய்யல மாமா” என்றாள் தங்கச்சி.

“தெரியும்மா” என்றார் அவர். “ஒனக்கு என் மேல வன்மம் இருந்திருந்தா, என் புள்ள மொகத்த ஒரு தடவையாவது பாத்திருப்ப. பாத்திருந்தா மனசு எளகியிருக்கும். நீ மொறையத்தான பாத்த.”

எனக்கு அந்த ஆள் மேல் அப்போதும் ஆத்திரம்தான் வந்தது. முகம் பார்த்து எங்கள் அம்மாவை அட்டைக்கு விட்டவர் சொல்கிற பேச்சா இது? ஆனால் அவர் சொன்னது சரி என்று தங்கச்சி நம்பிவிட்டாள் என்பது அவள் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

அடுத்த பெரட்டில், ஆட்கள் கூடி நிற்கும்போது, கங்காணி வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கூடையோடு வந்து நின்றாள். சாயங்காலம் கொளுத்தலாம் என்ற மாத்தயா இன்னும் அதே மாத்தயாதான்.

இப்போது இருக்கிற கங்காணி முகம் பார்த்துத்தான் நிரை பிரிக்கிறார். தங்கச்சி மேல் அவருக்குப் பரிதாபம், அதனால் தினமும் ரோட்டோரம் தருகிறார். நேற்று அவள் அந்த நிரையை விட்டுவிட்டு நேரே ஓரத்துக்கு நடந்தாள். அங்கே நின்ற பெண்ணை ரோட்டோரத்துக்குப் போகச் சொன்னாள்.

“ஏண்டி, இன்னைக்கு ஒன் மொறையா?” என்று கேட்டேன்.

“மொறையக் கேக்காதக்கா. அவ மொகத்தப் பாரு, கால ஊனவே முடியாம நிக்கிறா” என்றாள்.

அந்தப் பெண் காலை இழுத்துக்கொண்டு ரோட்டோரம் போனாள். தங்கச்சியின் முகத்தை நிமிர்ந்து பார்க்காமலே போனாள்.