ஓங்கிலை அவர்கள் பன்றி என்றார்கள்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தில் முழுதாகப் படித்த முதல் ஆள் நான். பாம்பன் பக்கத்துக் கடற்கரையில் பிறந்த அப்பாவும் அம்மாவும் கையெழுத்து மட்டும் போடுவார்கள். நியூ ஜெர்சியில், மான்மவுத் ஜங்ஷன் வீட்டுக்கு வந்த கடிதங்களையெல்லாம் நாலாம் வகுப்பிலேயே நான்தான் படித்துச் சொன்னேன். நான் சொன்னால் வீட்டில் அதற்கு மறுபேச்சு கிடையாது. அந்தப் பெருமையில் எனக்குக் கால் தரையில் நிற்காது.

அந்த வருடம் ஊரில் மாமாவின் வள்ளம் திரும்பி வரவில்லை. அவர் அம்மாவின் ஒரே தம்பி. அம்மா உடனே புறப்பட வேண்டும் என்றாள். கிரீன் கார்டு வரப்போகிற நேரம்; இப்போது போனால் மறுபடி உள்ளே விடமாட்டார்கள் என்று அப்பா தடுத்தார். அம்மா சோற்றைத் தொடாமல், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எனக்கோ வேறு கவலை. ஒரே பிராணிக்கு வெவ்வேறு மொழிகளில் என்ன பெயர், அது எப்படி வந்தது என்று வகுப்பில் ஒரு ப்ராஜெக்ட். மற்றவர்கள் நாயையும் பூனையையும் எடுத்துக்கொண்டார்கள். நான் திமிங்கிலம், டால்ஃபின் வகையறாவை எடுத்துக்கொண்டேன். அப்பா ஒரு கொரியன் கடையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு கொரிய அங்கிளும் சீன ஆன்ட்டியும் நிற்கும்போது எனக்கு என்ன குறை?

மீன் கவுண்டரின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டு எழுதினேன். டால்ஃபின் சீனத்தில் ஹாய்தூன், அதாவது கடல் பன்றி. ஜப்பானியர்கள் அதே இரண்டு எழுத்துகளை எழுதிவிட்டு இருகா என்று வாசிப்பார்களாம். கொரியனில் தொல்கொரே, கொரே என்றால் திமிங்கிலம், முன்னால் நிற்பது பன்றிக்கு இருந்த பழைய சொல் என்றார் அங்கிள். சீல், ஆன்ட்டிக்குக் கடல் சிறுத்தை, அங்கிளுக்கு நீர்ப்புலி. வால்ரஸ் இருவருக்குமே கடல் யானை. கரையில் தெரிந்த விலங்குகளைக் கொண்டே மனிதர்கள் கடலுக்குப் பெயர் வைத்தார்கள் என்று முடிவுரையும் எழுதிவிட்டேன்.

அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். டால்ஃபினை எங்கள் கரையில் ஓங்கில் என்பார்கள். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஓங்கிலயா பன்னிங்கிறாங்க? கண்ணு அவிஞ்சு போச்சா அவங்களுக்கு?"

பிறகு மெதுவாகக் கேட்டாள். "ஏந் தாயி, கடல்ல விழுந்த ஆள ஓங்கில் தள்ளிக் கரையில விட்டுரும்னு சொல்லுவாங்களே. அந்தச் சீனத்தம்மா ஊர்லயும் அப்படித்தானான்னு கேளேன்."

"அது ப்ராஜெக்ட்ல இல்லம்மா."

"கேட்டுட்டு வா. நீ படிச்சவள்ல."

அந்த ஒரு சொல்லுக்காக நான் எதையும் கேட்டு வருவேன். சனிக்கிழமை அப்பாவோடு கடைக்குப் போய்க் கேட்டேன். ஆன்ட்டி அப்பாவைப் பார்த்தார். அங்கிளும் கத்தியை வைத்துவிட்டுப் பார்த்தார். அப்பா செதில் சுரண்டி முடித்த மீனையே மறுபடி சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஆமாம், கொண்டுவந்து விடும்" என்றார் ஆன்ட்டி. அங்கிள் பலமாகத் தலையாட்டினார்.

வீட்டு வாசலிலிருந்தே கத்தினேன். "மூணு நாட்லயும் யெஸ்ம்மா!" ஜப்பானை நானாகச் சேர்த்துக்கொண்டேன். அம்மா எழுந்து முகம் கழுவினாள். தட்டில் சோறு போட்டுக்கொண்டு, நிறையச் சாப்பிட்டாள்.

மாமாவின் உடல் முந்தின நாளே கரை ஒதுங்கியிருந்தது. சட்டையை வைத்து அடையாளம் சொல்லி, மாதா கோயில் கல்லறையில் அடக்கமும் செய்துவிட்டார்கள். அப்பாவுக்குத் தெரியும், அவர் சொல்லி அந்த இருவருக்கும் தெரியும். அம்மாவிடம் சொன்னால் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவாள் என்று, ஊரிலும் யாரும் சொல்லக்கூடாதென்று சொல்லிவைத்து, கார்டு வரும்வரை ஒளித்துவைத்தார். பிறகு சொன்னபோது அம்மா நம்பவில்லை. புதைத்தது வேறு யாரையோ என்றாள். இன்றுவரை தம்பிக்காக ஒரு பூசை வைக்க விடவில்லை. "நீதான கேட்டுட்டு வந்த" என்பாள் என்னிடம்.

அன்று அம்மா சாப்பிடுவதை அப்பா வாசலில் நின்று பார்த்தார். பிறகு திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எதையோ கீழே போட்டுவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்து, எடுத்துக் கொடுக்க ஓடினேன். கதவை உள்ளே பூட்டியிருந்தார்.