சுண்ணாம்பு வைக்காத துண்டு

தேரடிக்கு மேற்கே இரண்டாவது தெருவில் போய் பிரம்மநாயகி வீடு எது என்று கேட்டால் யோசிப்பார்கள். எல்லாவற்றிலும் பேர் எழுதி வைப்பாளே, அந்த அம்மாள் வீடு என்று கேட்டால் கைக்குழந்தைகூடக் காட்டிவிடும். அப்படி ஒரு கிறுக்கு அவளுக்கு. மிளகாய் வற்றல் டப்பாவில் பேர், முறத்தில் பேர், ஏணியில் பேர். பக்கத்து வீட்டுக்காரி ஒரு தடவை அவசரத்துக்கு அம்மிக் குழவியை வாங்கிப் போனாள். திருப்பிப் பார்த்தால் அதன் முனையிலும் தாரால் பேர் எழுதியிருக்கிறது. அந்தக் குழவியை யார் தூக்கிக்கொண்டு ஓடப் போகிறார்கள், சொல்லுங்கள்.

புருஷன் சங்கரநயினாருக்குக் குருவிகுளம் பக்கம் பருத்தி விளைகிற புஞ்சையும், தேரடியில் வாடகைக்கு விட்ட கடைகளும் இருந்தன. கெட்ட மனிதர் இல்லை. ஆனால் எதையும் நேராகச் சொல்லத் துப்புக் கிடையாது. புளிக்குழம்பு பிடிக்கவில்லை என்றால்கூட வயிறு சரியில்லை என்றுதான் சொல்லுவார். அப்படிப்பட்டவர் குருவிகுளத்தில் இருக்கிற தன் அக்காளிடம் ஒரு வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மகள் முத்துமீனாளுக்குப் பன்னிரண்டு வயது முடிந்துவிட்டது, இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப மாட்டேன் என்கிற வாக்கு. அக்காளிடம் மீசையைத் தடவிக்கொண்டு சொல்லிவிட்டார். அதைப் பெண்டாட்டியிடம் சொல்ல வேண்டுமே. வாசல்படி ஏறும்போதே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்திலிருந்து சாரணியர் முகாம் என்று சேதி வந்தது. கோடை விடுமுறையில் பெண் பிள்ளைகளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போகிறார்களாம். தட்டு, டம்ளர், ஜமுக்காளம், துணிமணி எல்லாம் கொண்டுவர வேண்டும், ஒவ்வொன்றிலும் பேர் இருக்க வேண்டும் என்று டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். முத்துமீனாள் குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். சங்கரநயினாருக்கு மூளையில் விளக்கு எரிந்தது.

கடையநல்லூரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற பிரம்மநாயகியின் அண்ணன் நமச்சிவாயம் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். அவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு சங்கரநயினார் தொண்டையைக் கனைத்தார்.

"போயிட்டு வரட்டும். ஆனா கொண்டு போற சாமான் ஒண்ணு குறையாமத் திரும்பி வரணும். ஒண்ணு குறைஞ்சாலும் இந்த வருசத்தோட படிப்பு போதும். தன் சாமானப் பாத்துக்கத் தெரியாத பிள்ளைக்குப் படிப்பு எதுக்கு?"

முத்துமீனாள் முகம் சுண்டிப்போனது. பிரம்மநாயகிக்கோ உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. மனுஷன் வேறு எந்தச் சண்டைக்கு இழுத்திருந்தாலும் பயந்திருப்பாள். சாமானுக்குப் பேர் எழுதுகிற சண்டைக்கா? சரி என்று ஒரே வார்த்தையில் ஒத்துக்கொண்டாள்.

அடுத்த நாளிலிருந்து அந்த வீடு வீடாக இல்லை. பாத்திரக் கடைக்காரரை வரவழைத்து, தட்டிலும் டம்ளரிலும் டொக் டொக்கென்று பேர் வெட்டச் சொன்னாள். ஒரு பக்கம் போதாது, அடியிலும் வெட்டு என்றாள். ஜமுக்காளத்தின் மூலையில் சிவப்பு நூலால் தைத்தாள். சீப்பில் ஊசியைக் காய்ச்சி எழுதினாள். சோப்பில் கத்தியால் ஆழமாகக் கீறினாள். தேய்த்துக் குளித்தால் பேர் கரையாதா என்று மகள் கேட்டதற்கு, அதற்குத்தான் இரண்டு பக்கமும் கீறியிருக்கிறேன் என்று பதில் வந்தது. முறுக்குத் தூக்குக்கு மூடியில் ஒரு பேர், அடியில் ஒரு பேர். முறுக்கில் மட்டும்தான் எழுதவில்லை. பிள்ளையின் நெற்றியிலும் எழுதிவிடுவாளோ என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

துணிக்குக் குறி போடுவது பூமாரி. அந்தத் தெருவுக்கே வெளுக்கிறவள். சேங்கொட்டையை ஊக்கால் குத்தி, அதில் வருகிற கறுப்புப் பாலால் துணி ஓரத்தில் குறி வைத்து, மேலே சுண்ணாம்பை அப்பி, பிறகு வெளுத்துக் கொண்டுவருவாள். சுண்ணாம்பு வைத்தால்தான் குறி நிற்கும், சேங்கொட்டையின் காரமும் அடங்கும். பச்சைப் பால் உடம்பில் பட்டால் தோல் வெந்து கொப்பளித்துவிடும் என்பது ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த விஷயம். முத்துமீனாளின் பாவாடை, சட்டை, உள்பாவாடை எல்லாம் முறையாகக் குறி வைத்து, வெளுத்து, பெட்டிக்குள் போயின.

கிளம்புகிற அன்று காலையில் நமச்சிவாயம் வந்து மருமகள் கையில் ஒரு புதுத் துண்டைக் கொடுத்தார். அவர் கடைச் சரக்கு, நல்ல வெள்ளை. வாசலில் வில்வண்டி வந்து நின்றுவிட்டது. ரயிலுக்கு நேரமாகிறது என்று சங்கரநயினார் குரல் கொடுக்கிறார். பேர் இல்லாத ஒரு சாமான் தன் வீட்டுப் பெட்டிக்குள் போவதா? பிரம்மநாயகிக்கு மனசு கேட்கவில்லை. பூமாரி விட்டுப்போன சேங்கொட்டை ஒன்று மாடத்தில் கிடந்தது. விரலில் தேங்காயெண்ணெயைத் தடவிக்கொண்டு, கொட்டையைக் குத்தி, துண்டின் குறுக்கே இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் மகள் பேரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். சுண்ணாம்புக்கு எங்கே நேரம்? மடித்துப் பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். குற்றாலத்தில் இறங்கியதும் முதலில் அதில் சுண்ணாம்பைத் தடவி அலசு என்று மகளிடம் வண்டி ஏறும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்தக் களேபரத்தில் அதையும் மறந்துபோனாள்.

முத்துமீனாள் மாமாவின் காலில் விழுந்து திருநீறு பூசிக்கொண்டிருந்தபோது, பூட்டு சரியாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று சங்கரநயினார் உள்ளே போனார். அவரே பூட்டி, அவரே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாள் முதல் ஒரு செம்பைக்கூட இடம் மாற்றி வைக்காத மனிதர். பெற்ற பாசம் யாரை விட்டது என்று நினைத்துப் பிரம்மநாயகிக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்டேஷன் வரைக்கும் அவரே கூடப் போய் மகளை ரயிலேற்றிவிட்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

மகள் போன பிறகு மனிதர் மாறிவிட்டார். வீட்டுக்குள் என்றைக்கும் சட்டை போடாதவர், வைகாசி வெயிலில் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுக்கொண்டு திரிந்தார். கேட்டால் வேர்க்குரு என்றார். சாப்பிட்டு எழுந்ததும் தூணோரமாய்ப் போய் நின்று, எருமை மாதிரி விலாவை உரசிக்கொண்டார். அதைவிட அதிசயம், காலையும் மாலையும் கோவிலுக்குப் போய் கோமதியம்மன் சன்னிதியில் நின்றுவிட்டு, புற்றுமண்ணைக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். தோலில் வந்த எந்த உபாதைக்கும் இந்த ஊரில் புற்றுமண்தான் மருந்து. பிரம்மநாயகிக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மகள் பத்திரமாக வர வேண்டும் என்று வேண்டுதலாக்கும் என்று பூரித்துப்போய், ராத்திரிக்கு நெய் தோசை வார்த்துக் கொடுத்தாள். அவர் ஒருக்களித்து உட்கார்ந்து தின்றார்.

முகாம் முடிந்து முத்துமீனாள் வந்து சேர்ந்தாள். வெயிலில் கறுத்து, குரல் கட்டி, வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள். நமச்சிவாயமும் சாட்சி சொல்ல வந்துவிட்டார். கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். பிரம்மநாயகி ஒவ்வொரு சாமானாகச் சொல்லச் சொல்ல, பிள்ளை எடுத்து எடுத்து வைத்தாள். தட்டு வந்தது, டம்ளர் வந்தது, தேய்ந்து சில்லாகிப்போன சோப்பு வந்தது. அதில்கூடப் பாதிப் பேர் மிச்சம் இருந்தது. கடைசியாக மாமா கொடுத்த துண்டு.

முத்துமீனாள் பெட்டியின் அடி வரைக்கும் துழாவினாள். குற்றாலத்தில் பெட்டியைத் திறந்தபோதே அந்தத் துண்டு இல்லை, பாவாடையில்தான் தலை துவட்டினேன் என்றாள். அம்மா எடுத்து வைக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தாளாம்.

சங்கரநயினார் இழவு வீட்டுக்கு வந்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டு, பேச்சு பேச்சுதான் என்றார். பிள்ளை விசும்ப ஆரம்பித்தாள். நான் வேறு துண்டு தருகிறேன், விடுங்கள் மாப்பிள்ளை என்று நமச்சிவாயம் கெஞ்சிப் பார்த்தார். துண்டு பெரிசில்லை, பொறுப்புதான் பெரிசு என்று சொல்லிக்கொண்டே சங்கரநயினார் சட்டைக்கு மேலாக இடது விலாவை வறட்டு வறட்டென்று சொறிந்தார்.

பிரம்மநாயகி அந்தக் கையையே பார்த்தாள். பூட்டு பார்க்கப் போனது, பெட்டி தூக்கியது, பொத்தான் போட்ட சட்டை, புற்றுமண் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அடப்பாவி மனுஷா. அடிவயிற்றிலிருந்து ஆத்திரம் கிளம்பி வந்தது. அது தொண்டைக்கு வருவதற்குள் சிரிப்பு முந்திக்கொண்டது. முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். பிறகு ரொம்பச் சாதுவாக அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அந்தத் துண்டுல நான் சேங்கொட்டையில எழுதி சுண்ணாம்பு வைக்காம விட்டுட்டேன். எடுத்தவுக உடம்பு கொப்பளிச்சுப் போயிருக்கும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள சந்தேகப்படதுக்கு முன்னாடி நம்ம வீட்டு ஆளுகளப் பாத்துருவோம். நீங்க சட்டையக் கழத்துங்க. அடுத்து அவுக கழத்துவாக."

நமச்சிவாயம் விளையாட்டு என்று நினைத்துப் பட்டென்று கழற்றிவிட்டார். தொப்பை பளபளவென்று இருந்தது. சங்கரநயினார் முகத்தில் ரத்தம் இல்லை. உள்ளே வா, ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று பெண்டாட்டியை அடுக்களைக்குக் கூப்பிட்டார்.

அடுக்களையில் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். விலாவிலிருந்து முதுகு வரைக்கும் நேர்கோடாகக் கொப்புளங்கள், சில உடைந்து புண்ணாகியிருந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாது, ஆனால் வரி கோணாமல் இருந்தது. துண்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஸ்டேஷன் போய்த் திரும்பியிருக்கிறார். அக்காளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், உன்னிடம் சொல்லப் பயமாக இருந்தது என்று முனகினார்.

பிரம்மநாயகிக்குச் சிரிப்பு போய்விட்டது. அண்ணனுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள்.

"அஞ்சாங்கிளாஸ் முடிச்ச அன்னைக்கு எங்கய்யா என் சிலேட்டத் தூக்கிப் பரண்ல போட்டாரு. எழுதுத ஆச எனக்கு அடங்கல. அதான் டப்பாவுலயும் ஏணியிலயும் எழுதிக்கிட்டுக் கெடக்கேன். ஊரு சிரிக்கது எனக்குத் தெரியாதா? எம் மகளும் மிளகா டப்பாவுலதான் எழுதணுமா?"

 இத்தனை வருஷம் சங்கரநயினாரும் ஊரோடு சேர்ந்து சிரித்தவர்தான். தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் எண்ணெய்ச் சிரட்டையை எடுத்து, திரும்பி நில்லுங்கள் என்றாள். புண்ணில் விரல் பட்டதும் அவர் துள்ளினார். நன்றாகத் துள்ளட்டும் என்று இன்னும் கொஞ்சம் அழுத்தியே தேய்த்தாள்.

பிறகு அவர் சட்டை இல்லாமல் புழக்கடைக்குப் போனார். பருத்தி மூட்டை போட்டிருக்கிற அறையிலிருந்து, ஒரு கம்பு நுனியில் அந்தத் துண்டைத் தொங்கவிட்டு, உடம்பில் படாமல் எட்டிப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். நமச்சிவாயம் அவர் முதுகைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், வாயைத் திறந்து, தங்கை முறைத்ததும் மூடிக்கொண்டார்.

முத்துமீனாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, துண்டு எங்கே இருந்தது என்று கேட்டாள். அவருக்குச் சொல்வதற்கு ஆயிரம் பொய் இருந்தது. எலி இழுத்துப் போயிருக்கும் என்று சொன்னால்கூடப் பிள்ளை நம்பியிருப்பாள். அடுக்களை வாசலில் பிரம்மநாயகி கையில் எண்ணெயோடு நின்றுகொண்டிருந்தாள்.

"எங்கிட்டதான் இருந்துச்சு, மக்கா. நாந்தான் எடுத்தேன்" என்றார் சங்கரநயினார். "நீ ஒண்ணையும் தொலைக்கல. பள்ளிக்கூடம் தெறந்ததும் போ. உங்க அத்தகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."