வரிசையில் நின்ற நேரம்

பி.காம். முடித்த நான்காம் மாதம், செஞ்சி கூட்டு ரோட்டில் ஒரு லாரி ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். என் அப்பா, நாங்கள் கூப்பிடுவது நைனா, அதே ஆபீஸ் முதலாளியிடம் பதினெட்டு வருடமாக ஓட்டுநர். ஓட்டும்போதே அவர் தூங்கிவிடுவாரோ என்ற பயம் எங்கள் வீட்டில் எப்போதும் இருந்தது. அம்மா அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் கிளம்பிய பிறகு தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்துக்கொண்டிருப்பாள்.

அரசு வேலைத் தேர்வுக்குப் படிக்கும்போதுதான் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என் கண்ணில் பட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்தான் வேலை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக்கூடாது, நடுவில் அரை மணியாவது ஓய்வு தர வேண்டும். எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. நான் பிறப்பதற்கு முன்பே இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டு, நைனாவிடம் சொல்ல மட்டும் மறந்துவிட்டார்களா?

அந்தச் சமயம் பார்த்து, எங்களுக்கு அரிசி லோடு தரும் சென்னைக் கம்பெனி ஒன்று, ஓட்டுநர்களின் வேலை நேரப் பதிவேடு இல்லாத வண்டிகளை எடுக்க மாட்டோம் என்றது. முதலாளி விழித்தார். நான் குதித்தேன். "எனக்குத் தெரியும் சார், நான் போடறேன்."

வண்டி கிளம்பும்போதும் நிற்கும்போதும் ஓட்டுநர்கள் எனக்கு ஃபோன் செய்ய வேண்டும். ஓடும் நேரத்தை நீலத்திலும் ஓய்வைப் பச்சையிலும் எழுதுவேன்.

"இன்னா மேடம், ஒண்ணுக்குப் போறதுக்கும் உனக்கு ஃபோன் பண்ணணுமா?" என்றார் ஒரு ஓட்டுநர்.

"பண்ணுங்கண்ணே, அதுவும் ஓய்வுதான்."

ஆபீஸே சிரித்தது. நைனாவும் சிரித்தார், கொஞ்சம் பெருமையாக.

பக்கங்கள் பச்சையாக நிறைந்தன. சென்னைக்கு வெளியே கம்பெனியின் குடோனில் லோடு இறக்க, வண்டிகள் பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் நிற்கும். "நின்னுட்ச்சிம்மா" என்பார் நைனா. பச்சை. மறுநாள் "கெளம்பிட்டேன்" என்பார். நீலம். சட்டம் சொல்வதைவிட அதிகமாக நைனா ஓய்வெடுக்கிறார் என்று நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அந்தப் பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள், காலை பதினோரு மணி. குடோனிலிருந்து காலி வண்டியோடு திரும்பி, கோட்டை மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு வந்துவிட்ட நைனா தூங்கிவிட்டார். வண்டி பாலத்துச் சுவரில் மோதியது. வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. அவருடைய இடது முழங்கால் நொறுங்கியது.

"பன்னெண்டு மணி நேரம் நின்னீங்களே நைனா, தூங்கலையா?" என்று விழுப்புரம் ஆஸ்பத்திரியில் கேட்டேன்.

"எங்கம்மா தூங்கறது? பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் லைன் நகரும். ஒரு வண்டி நீளம் முன்னாடி போவணும். கண்ண மூடுனா பின்னாடி இருக்கறவன் முந்திடுவான். அப்புறம் கடைசிலேருந்து நிக்கணும்."

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ கேட்டது வண்டி நிக்குதா, ஓடுதான்னுதானே?"

மறுநாள் கம்பெனி ஆள் விசாரிக்க வந்தபோது முதலாளி பதிவேட்டை விரித்தார். "பாருங்க, பன்னெண்டு மணி நேரம் ரெஸ்ட். அதுக்கப்புறமும் தூங்குறான்னா குடிச்சிருப்பான்."

நைனா பாக்குகூடப் போடாதவர்.

"அது ஓய்வு இல்ல சார், லைன்ல நின்னது" என்றேன்.

"எழுதுனது யாரு பாப்பா? நீதானே?"

அன்று சாயங்காலம் சட்டத்தை மறுபடி எடுத்தேன். தேர்வில் வராது என்று நான் தாண்டிப்போன முதல் பக்கத்தில், எது வேலை நேரம் என்று விளக்கியிருந்தார்கள். ஓட்டுநர் முதலாளியின் வசத்தில் இருக்கும் நேரம் வேலை நேரம். ஏற்றி இறக்கும் இடத்தில் கால் மணிக்கும் குறைவாகக் காத்து நிற்பதும் அதில் சேரும். நைனாவுக்கோ பத்துப் பத்து நிமிடமாகத்தான் அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் போயிருக்கிறது.

இப்போது அந்த வண்டிக்கு வேறு ஆள். அவர் குடோனிலிருந்து ஃபோன் செய்தபோது, "லைன் நகருதாண்ணே?" என்று கேட்டு, வேலை என்று எழுதினேன். மூன்று நாள் அப்படி எழுதினேன். எல்லா நாளும் எட்டு மணி நேரத்தைத் தாண்டியது. நான்காம் நாள் முதலாளி அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டு, என்னையே மறுபடி பச்சையில் எழுதச் சொன்னார். எழுதினேன். வீட்டில் வேலைக்குப் போவது இப்போது நான் ஒருத்திதான்.

சட்டத்தின் அந்த முதல் பக்கத்தை நைனாவுக்கும் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்.

"அப்ப நான் முழிச்சிக்கினு இருந்தது சட்டம் எழுதுனவங்களுக்குத் தெரியும்ன்ற."

"ஆமா நைனா. நான் லேபர் ஆபீஸ்ல எழுதிக் குடுக்கறேன்."

"வேணாம்மா. குடிச்சேன்னே இருக்கட்டும். நீ எதனா எழுதிட்டா, கால் சரியானப்புறம் மொதலாளி வண்டி குடுக்க மாட்டாரு."

நான் எழுதிக் கொடுக்கவில்லை. கிளட்ச் மிதிக்கிற அந்தக் கால் இனி மடங்காது என்று டாக்டர் அம்மாவிடமும் என்னிடமும் மட்டும் சொல்லியிருக்கிறார். நைனா தினமும் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தைச் சுவரில் வைத்து அழுத்திப் பார்க்கிறார். "இன்னும் ஒரு மாசம்" என்கிறார். அம்மா சரி என்கிறாள்.